பல் செட் அத்தையும் மூன்றாம் எண் ரயிலும்

உலகத்தில் இதுவரை ஓடிய ரயில்களையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி, ஓட்டியவர்களையெல்லாம் கூட்டி வந்து, உங்களில் யார் பெரிய ஓட்டுநர் என்று கேட்டால், அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அத்தையின் காலில் விழுவார்கள். அத்தை பிரேக் போட்டால் பூமியே ஒரு நொடி சுற்றுவதை நிறுத்தி, "போகலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றும்.

மாதிரி ரயில் மன்றத்தின் விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றிப் பத்து வரி' என்றொரு கட்டம் இருந்தது. அதற்கு எலி எழுதிக் கொடுத்தது இது. அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பிறகு பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்தாள்.

"பொய் சொல்லு, வேணாங்கல. பூமிய ஏன்டி நடுவுல இழுக்கற?"

அடித்ததற்குக் கீழே தன் கையாலேயே எழுதினாள்: 'பல் செய்கிறேன். ரயில் ஓட்டுகிறேன்.' மீதி எட்டு வரியும் காலியாகவே போயிற்று.

எலி என்பது அத்தையுடைய தம்பியின் மகள். வயது பதினாறு. ஒயர், டப்பா மூடி, அடுத்தவர் ரகசியம் என்று வீட்டில் எது கிடைத்தாலும் கொறித்துப் பார்த்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். பத்தாம் வகுப்பு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனதால் இரண்டாவது வருடமும் அங்கேயே இருந்தாள்.

அத்தைக்கு ஐம்பத்தொன்று. மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறை கொண்ட ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்கிறாள். மெழுகில் பல்லைப் பல்லாக அடுக்கி, சூடான சின்னக் கத்தியால் ஈறு வரைந்து, கடைசியில் அதை ரோஜா நிறப் பிளாஸ்டிக்காக மாற்ற வேண்டும். ஒரு பல் மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் ஒரு மனுஷன் ஆயுசுக்கும் இடது பக்கமாகவே மெல்லுவான். ஊரில் பாதிப் பேர் அத்தையின் பல்லால்தான் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் வணக்கம் சொன்னால் அத்தைக்கு முகம் பிடிபடாது. வாயைத் திறந்து கொட்டாவி விட்டால், "அட, நீங்களா" என்பாள்.

வேலை முடிந்து வந்ததும் அத்தை மாடி அறைக்குள் போய்விடுவாள். அங்கே மூன்று பழைய கதவுகளை மரக்கால்கள் மேல் படுக்கப் போட்டு, அதன்மேல் ஒரு தேசமே கட்டி வைத்திருந்தாள். தண்டவாளத்தின் அகலம் கட்டைவிரல் அளவு, எஞ்சின் உள்ளங்கை நீளம். மலைகளெல்லாம் பல் அச்சு எடுக்கும் மாவால் ஆனவை, அதனால் பாதி மலை மஞ்சள், பாதி மலை நீலம். சுரங்கத்தின் வாசலுக்கு மிச்சமிருந்த ஈறு பிளாஸ்டிக்கைப் பூசியிருந்தாள். எலியின் அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சுரங்கத்துக்குள்ள போற மாதிரி இல்ல. யாரோ ரயில முழுங்குறாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்தத் தேசத்தில் எலியைக் கவர்ந்தது மலையோ ரயிலோ அல்ல, அதை ஓட்டும் முறை. பழைய பொம்மை ரயில்களில் மின்சாரத்தைக் கூட்டினால் தண்டவாளத்தில் இருக்கிற எல்லா எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பும். அத்தை வாங்கியிருந்தது டிஜிட்டல். தண்டவாளத்தில் எப்போதும் ஒரே மின்சாரம்தான். மேஜைக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டி, எண் சொல்லிக் கட்டளை அனுப்பும். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றிலும் நகம் அளவு ஒரு மின்னணுச் சில்லு. அது தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் காது கொடுக்கும். வகுப்பில் வருகை எடுப்பதுபோலத்தான் என்று எலிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இன்னொருத்தியின் எண்ணுக்கு 'உள்ளேன் டீச்சர்' சொல்வதில் அவளுக்கு மூன்று வருட அனுபவம்.

புது எஞ்சின் எதுவானாலும் மூன்றாம் எண்ணோடுதான் வரும். வாங்கியவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தை ஓட்டியது ஒரே ஒரு பச்சை எஞ்சினை என்பதால் மாற்றவே இல்லை. பெட்டியில் வைஃபை இருந்தது, அதன் பாஸ்வேர்ட் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருந்தது. ரயிலை செல்போனிலிருந்து ஓட்டும் செயலியும் இலவசமாகவே கிடைத்தது. இத்தனையையும் தட்டில் வைத்து நீட்டினால் எலிதான் என்ன செய்யும்?

மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தால் கதவிடுக்கு வழியாக ரயில் நிலையத்தின் மேடை மட்டும் தெரியும். அத்தை தெரியமாட்டாள். முதல் நாள் எலி சுரங்கத்துக்குள் ஹாரன் அடித்தாள். அத்தை சுரங்கத்தை விளக்கடித்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் ரயிலைப் பின்னோக்கி அனுப்பினாள். மூன்றாம் நாள்தான் நிஜமான விளையாட்டு பிடிபட்டது. அத்தை ரயிலை மேடையில் நிறுத்தப் போகும் நேரம் பார்த்து, திரையில் லேசாக ஒரு தள்ளு. ரயில், மேடையின் முனையில் அத்தை வரைந்திருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை போய் நிற்கும். அத்தை சக்கரங்களைத் துடைத்தாள், தண்டவாளத்தைத் தேய்த்தாள், எஞ்சினின் வயிற்றைத் திறந்து மூடினாள். எலி படியில் உட்கார்ந்து தன் கையையே கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிவப்புக் கோட்டில்தான் அத்தையின் உயிர் இருந்தது. மன்றத்தின் கூடத்தில் அறுபது அடி நீளத்துக்குப் பெரிய பாதை ஒன்று உண்டு. அதில் ஓட்ட வேண்டுமானால் தேர்வில் ஜெயிக்க வேண்டும். ஏழு பெட்டி ரயிலை மேடைக்குக் கொண்டுவந்து, கோட்டிலிருந்து ஒரு தீக்குச்சி நீளத்துக்குள் நிறுத்த வேண்டும். மூன்று தடவையில் இரண்டு தடவையாவது சரியாக வரவேண்டும். போன வருடம் அத்தைக்கு ஒன்றுதான் வந்தது. தீக்குச்சியோடு நின்றவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் பிரேக் ஐயா. "நல்லாத்தான் ஓட்டுறீங்கம்மா. நிறுத்தத்தான் தெரியல" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் அத்தையின் தொண்டையில் ஒரு வருடமாக முள்ளாய் நின்றது.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை மழை வரும்போல என்று சொல்வதுபோல ஒன்றைச் சொன்னாள். நுணுக்க வேலையெல்லாம் இனிமேல் பட்டறையில் இருக்கும் புதுப் பெண்ணிடம் கொடுத்துவிடும்படி முதலாளியிடம் கேட்டுக்கொண்டாளாம். தனக்கு அச்சு வார்க்கிற வேலை போதுமாம்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "ஏன்க்கா?"

"கை நடுங்குதுப்பா. எனக்குத் தெரியல. ரயிலுக்குத் தெரியுது."

எலிக்குச் சோறு பாதியில் நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அத்தை தன் வலது கையைத் தட்டின் மேல் நீட்டி, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டது செய்யும்போது எலியின் மூளை எட்டுக் குதிரை வேகத்தில் ஓடும். ஒப்புக்கொள்ள மட்டும் அதற்குக் கால் வராது.

அதனால் அவள் தனக்குத் தெரிந்த வழியிலேயே பரிகாரம் தேடினாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அதே படி, அதே இடுக்கு, அதே போன். ஆனால் இப்போது ரயிலைத் தள்ளவில்லை, நிறுத்தினாள். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, நான்கு விரற்கடையில் இன்னும் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் மூக்கு கோட்டை முத்தமிடும் இடத்தில் நிறுத்தினாள். கணக்குப் பாடத்தில் இந்தக் கவனத்தில் கால்வாசி இருந்திருந்தால் பத்தாம் வகுப்பு அவளை எப்போதோ வெளியே துரத்தியிருக்கும். புதன்கிழமை, அறைக்குள் அத்தை யாருடனோ கீழ்ப் பல் செட் குத்துவதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தபோதுகூட, எலி ரயிலை மயிரிழை பிசகாமல் நிறுத்திக் கொடுத்தாள்.

அதற்கடுத்து சனிக்கிழமை வரை மூன்று நாளும் அப்படித்தான். ஒரே ஒரு தடவை ரயில் அரை விரற்கடை முன்னதாகவே நின்றது. எலி வைஃபையைத் திட்டினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை அப்பாவிடம், மெழுகுக் கத்தியைப் புதுப் பெண்ணிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அப்பா அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எலி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் யார் நிறுத்துவது? தன் உதவி இல்லாமல் அத்தை ஓட்டி எத்தனை நாளாயிற்று? ஒருவேளை அந்தக் கை நிஜமாகவே நடுங்கினால்? அடுத்தவர் கை பட்டது தெரிந்தால் பெயரை நிரந்தரமாக அடித்துவிடுவார்கள் என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இருந்தாலும் அவள் போனை முழுசாகச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டாள்.

மன்றத்தின் கூடம் ஒரு பழைய கிடங்கு. நீள மேஜையைச் சுற்றி முப்பது பேர், அதில் இருபத்தைந்து பேருக்கு வழுக்கை. வைஃபை பாஸ்வேர்டைக் கரும்பலகையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எலி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மூன்றாம் எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். அத்தை தன் பச்சை எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரேக் ஐயாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

முதல் தடவை எலி கட்டைவிரலை வைப்பதற்குள் ரயில் வந்து நின்றுவிட்டது. பிரேக் ஐயா குனிந்து தீக்குச்சியை வைத்தார். அரைக் குச்சி. சரி. இரண்டாம் தடவை கடைசிப் பெட்டி வளைவில் இழுத்தது, அத்தை கொஞ்சம் வேகம் கூட்டினாள், ரயில் கோட்டைத் தாண்டிவிட்டது. ஒன்றரைக் குச்சி. பிரேக் ஐயா உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாம் தடவை ரயில் மிகவும் மெதுவாக வந்தது. மேடையில் பாதி வந்ததும் இன்னும் மெதுவானது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே நின்றுவிடும்போல இருந்தது. எலிக்குப் பொறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரையில் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினாள்.

கண்ணைத் திறந்தபோது பச்சை ரயில் அதே நத்தை வேகத்தில்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் மேஜையின் மூலையில், உதிரி எஞ்சின் நிறுத்தும் முழ நீளக் கிளைத்தடத்தில், இதுவரை யாரும் கவனிக்காத ஒரு சின்ன மஞ்சள் எஞ்சின் உயிர் வந்து கிளம்பியது. எலி பதறி இன்னும் தள்ளினாள். அது இன்னும் வேகமாக ஓடி, தடத்தின் முடிவில் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் ஒரு தேங்காய்ச் சில்லு வைத்திருந்தது.

எலி அந்தத் தேங்காய்ச் சில்லையே பார்த்தாள். எலிப்பொறியில் வேறு எதை வைப்பார்கள்?

அங்கே பச்சை ரயில் ஊர்ந்து, ஊர்ந்து, யாரோ விரலால் வைத்ததுபோலக் கோட்டில் நின்றது. பிரேக் ஐயா தீக்குச்சியை நுழைக்கப் பார்த்தார், இடம் இல்லை. நிமிர்ந்து அத்தையைப் பார்த்து, குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கை தட்ட ஆரம்பித்தார். பிறகுதான் மஞ்சள் எஞ்சினைக் காட்டி, அது ஏன் தானாக ஓடியது என்று கேட்டார்.

"அது ஒண்ணுமில்லீங்க. எங்க வீட்ல எலித் தொல்லை" என்றாள் அத்தை.

பஸ் நிறுத்தத்தில் எலி மூன்று பஸ்ஸை ஏறாமல் போகவிட்டாள். அத்தைதான் பேச ஆரம்பித்தாள். புதன்கிழமை போன் வந்தபோது ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தாளாம். திரும்பிப் பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த ரயில் தானாக வந்து கோட்டில் நிற்கிறது. அன்றைக்கே பச்சை எஞ்சினின் எண்ணை ஐம்பத்தொன்று என்று மாற்றிவிட்டாளாம். மன்றத்துக்கு வந்ததும் மூன்றாம் எண்ணோடு அந்த மஞ்சள் எஞ்சினை மூலையில் நிறுத்திவைத்ததும் அவள்தானாம்.

எலி விரல்விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. "அப்ப அந்த மூணு நாளு நான் நிறுத்துனது?"

"நீ போன் கண்ணாடியத் தடவிட்டிருந்த. நிறுத்துனது நானு."

"தெரிஞ்சும் ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சோத்துக்கு உக்காந்தப்பல்லாம் பாத்தேன். நீ தண்ணியா குடிச்ச."

எலிக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தாள். இந்தத் தடவை கைக்கெட்டிய தூரத்தில் தண்ணீர் இல்லை.

"முதல்ல தள்ளிவிட்டதும் நான்தான் அத்தை. உங்க கையில ஒண்ணும் இல்ல."

அத்தை தன் வலது கையை நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்தாள். மெழுகுத் தழும்புகள் நிறைந்த அந்தக் கை பல் அச்சுபோல அசையாமல் இருந்தது.

"இப்ப உன் கைய நீட்டு."

எலி நீட்டினாள்.

"பாத்தியா," என்றாள் அத்தை, "யாருக்கு நடுங்குதுன்னு."