பூஜையில் பாய்ந்த வண்டி

எங்கள் வீட்டுக்கு வாங்க நினைத்தது ஒரே ஒரு மின் ஸ்கூட்டர். தினமும் வெயிலில் பாலர் பள்ளிக்கு நடந்துபோய்ப் பாடம் சொல்லித் தரும் மனைவிக்குத்தான் அது அவசியம். எனக்கு மாலையில் டீ குடிக்கப் போக, அவ்வளவுதான். இந்த நியாயம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அதைக் கவனமாக மறந்தேன்.

கிள்ளானில் ஒரு ஸ்கூட்டர் கடையில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். சின்னது ஒல்லி. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றலாம். நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலுக்கு அந்த வேகம் தாராளம். நெடுஞ்சாலைக்குப் போனால் லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்தே ஓரங்கட்டிவிடுவார்கள். பெரியது எருமைக்கடா. பிடியை லேசாகத் திருகினாலே சீறும். ஆனால் பேட்டரி கழலாது. நாங்கள் குடியிருப்பதோ நான்காம் மாடி.

"கீழ செக்யூரிட்டி கார்ட் அண்ணன்கிட்ட கேட்டு ஒயர் இழுத்துக்கலாம்," என்றேன்.

"இதை என்னால தள்ளக்கூட முடியாதுங்க. சின்னதே போதும் லா," என்றாள் மனைவி.

நான் விடவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன், மாலைக்குள் தருகிறேன் என்று கடைக்காரரிடம் பெரியதை வாங்கி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே பிரிக்பீல்ட்ஸ் கோவில் வாசலில் நிறுத்தினேன். பூஜை போட்ட வண்டியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. அதுதான் என் திட்டம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"வாங்காத வண்டிக்கு எதுக்குங்க பூஜை?" என்று கேட்டபடி அவள் இறங்கி ஓரமாக நின்றாள்.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரத் தட்டோடு சற்று முன்னால் நின்றுகொண்டு, "பழத்து மேல மெதுவா ஏத்துங்க," என்றார்.

நான் இருபது வருடம் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று முறுக்கிக் கேட்டுப் பார்ப்பது என் கைக்குப் பழக்கம். இந்த வண்டியில் சத்தமே இல்லை. அணைந்துவிட்டதோ என்று நன்றாக ஒரு முறுக்கு முறுக்கினேன்.

பழங்கள் இரண்டும் தெறித்து உருண்டன. குருக்கள் தட்டோடு படியில் தாவினார், கற்பூரம்கூட அணையவில்லை. நானும் வண்டியும் பக்கத்துப் பூக்கடையின் மல்லிகைக் கூடைகளுக்குள் போய் நின்றோம்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"பூ வேணும்னா கேளுங்க அண்ணே, கட்டித் தரேன். வண்டியோடயா உள்ள வருவீங்க?" என்றார் பூக்கடை அக்கா.

குருக்கள் தரையைப் பார்த்தார். "பழம் நசுங்கல. பூஜை முடியலைன்னுதான் அர்த்தம்."

"அப்போ திருப்பிக் கொடுத்தா தப்பில்லையே சாமி?" மனைவியின் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

அவர் வாயைத் திறப்பதற்குள் நானே, "இப்பவே கொடுத்துடலாம்!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் நான் தோற்றதும் இல்லை, தோற்றதில் இவ்வளவு நிம்மதியும் இல்லை.

நசுங்கிய கூடைகளுக்கு ஈடாக அத்தனை மல்லிகையையும் நாங்களே வாங்கிக்கொண்டோம். வண்டியில் ஒட்டிய சந்தனத்தை அவள் கைக்குட்டையால் துடைத்தாள். கிள்ளானுக்கு ஆமை வேகத்தில் போய், பெரியதைத் திருப்பிக் கொடுத்து, சின்னதை அனுப்பச் சொல்லிவிட்டு வந்தோம்.

வண்டி வந்த மறுநாள் காலை அவள் தனியாகக் கிளம்பினாள். நான் படுக்கையில் கிடந்தபடி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"வந்துட்டேங்க. வேர்வைல சேலை நனையவே இல்ல."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.