அம்முவுக்கு ஒரு பேர் இருக்கிறது

பொம்மனஹள்ளி அங்கன்வாடியில் வனஜா ஆயாவாகச் சேர்ந்து ஒன்பது வருஷம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். வனஜாவின் வாய் அதற்கும் ஒரு படி மேல். அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் ஒரு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாம் சின்னுவால்தான். அங்கன்வாடியில் அவள் வளர்த்த பிள்ளை, அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். டீச்சர் தினமும் ரிஜிஸ்டரைப் பார்த்து "ஷ்ரேயாஸ்" என்று கூப்பிட்டார். அது வேறு யாரோ என்று அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். புதுப் பிள்ளைகள் கும்பலில் டீச்சருக்கும் முகம் பிடிபடவில்லை. மூன்று வாரம் ஆப்சென்ட். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் அவன் அம்மாவுக்குப் போன் வந்தது. பிள்ளை எங்கேயோ சுற்றுகிறான் என்று பயந்து, திருப்பத்தூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டாள்.

"மூணு வருஷம் சின்னு சின்னுன்னு கொஞ்சினது நான்தானே? சோறு போட்டேன், பேரைச் சொல்லிக் குடுத்தேனா?" என்று வனஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போவது அங்கன்வாடி அம்முவின் முறை. தன் பெயர் ஸ்ரீரஞ்சனி என்பது அவளுக்கே தெரியாது. ஏப்ரலிலேயே வனஜா தெரு ஜனங்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்.

"இனிமே யாராவது அம்மு கிம்முன்னு கூப்பிட்டீங்க, அவ்ளோதான்!"

பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் யசோதா மிஸ் ரிஜிஸ்டரில் உள்ளபடி பெயர்களை எழுதிக் கொடுத்தார். ஆட்டோ ரகு போகும்போதும் வரும்போதும் முழுப்பேரைக் கத்தினார். பேக்கரி கிளாரன்ஸ் ஒரு படி மேலே போனார். பெயர் சொன்னதும் "எஸ் மிஸ்" என்றால் ஒரு பிஸ்கட். அந்தக் கிடா மீசைக்காரரைப் பிள்ளைகள் இரண்டு மாதம் மிஸ் என்றே அழைத்தன.

பள்ளி திறந்த நாள். வனஜா ஜன்னலோரம் நின்றாள்.

"ஸ்ரீரஞ்சனி."

 அம்மு மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வனஜா, அம்மு என்று கத்திவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்ரீரஞ்சனி!"

"எஸ் மிஸ்!"

சொன்னவள் நேராக மேஜைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"ஏனு பேக்கு?" என்ன வேண்டும் என்று யசோதா மிஸ் கன்னடத்தில் கேட்டார்.

"பிஸ்கட்."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்து, அந்தக் கையில் ஒரு சாக்பீஸை வைத்தார். ஸ்ரீரஞ்சனி அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போர்டுப் பக்கம் நடந்தாள்.

வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று சின்னுவின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நம்ம ஷ்ரேயாஸைக் கூட்டிட்டு வந்துடும்மா. கிளாரன்ஸ்கிட்ட பிஸ்கட் எடுத்து வைக்கச் சொல்றேன்."