வாத்தைத் திரும்பக் கூப்பிடுவதா?

கால்பந்துக் கிளப்பில் எல்லோருக்கும் அவள் சலவையக்கா. கிளப்பின் தலைவர் அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவர் வாயிலும் அக்காதான் வரும். மைதானத்தில் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த ஜன்னல் இல்லாத நீள அறை அவளுடையது. இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், ஒரு இஸ்திரி மேசை, சேற்றுக் காலுறைகள் ஊறுகிற தொட்டி. மேலே நம் ஆட்கள் கோல் போட்டால் ஜனம் குதிக்கிற குதியில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். இந்தக் கதை நடந்த வருடம் அறை படு சுத்தமாக இருந்தது.

அந்தக் கிளப்புக்கு முதலாளி கிடையாது, உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துவது. ஐந்து பேர் செயற்குழுவில் ஓர் இடம் ஊழியர்களுக்கு. யாருமே நிற்க முன்வராத ஒரு வருடம், "நீங்களே இருந்துடுங்கக்கா, சும்மா உட்கார்ந்து டீ குடிச்சிட்டு வர்ற வேலைதான்" என்று புல்வெட்டுகிறவர் அவளைத் தள்ளிவிட்டார். உண்மையிலேயே டீ குடிக்கிற வேலையாகத்தான் இருந்தது, வாத்து விவகாரம் வருகிறவரைக்கும்.

வாத்து என்பது முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன். பாதங்களை வெளிப்பக்கம் விரித்து நடப்பான், அதனால் அந்தப் பெயர். பந்து காலில் இருந்தால் மட்டும் அந்த நடை எங்கே போகுமோ தெரியாது. சலவையக்கா வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தான். போன வருடம் ஒரு முக்கியமான ஆட்டத்தில் பெனால்டியை வானத்துக்கு அடித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டாலே சொந்த ஜனமே 'குவாக் குவாக்' என்று கத்த ஆரம்பித்தது. அவன் கால் ஓடவில்லை. கிளப் அவனை ஒரு வருடக் கடனாக வேறொரு ஊர்க் கிளப்புக்கு அனுப்பிவிட்டது.

"ஆளைப் போய்க் கடன் குடுப்பாங்களா? சைக்கிளா அவன்?" என்று அப்போது சலவையக்கா கேட்டாள். அவன் போனதும் மாடியறையைப் பூட்டி வைத்தாள். வேறு யாருக்கும் விடவில்லை.

அவன் இடத்துக்கு வந்தது வேறு யாருமில்லை, அவளுடைய மாப்பிள்ளைதான். மகளைக் கட்டியவர். காலம்பூரா நடுக்களத்தில் ஆடியவரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சீசன் பாதியாகியும் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. வாத்தோ அந்த ஊரில் வாரா வாரம் போட்டுத் தள்ளினான். இங்கே கிளப் பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் ஊழியர்களில் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு. நினைத்தால் சீசன் நடுவிலேயே ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எடுப்பதா வேண்டாமா? செயற்குழுவில் இரண்டு பேர் எடுக்க வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஆள் சலவையக்கா.

முதலில் மகள் வந்தாள். இஸ்திரி மேசைமேல் கைப்பையை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நீ வேண்டாம்னு சொல்லணும்மா. அவன் வந்தா இவரை பெஞ்சுல உட்கார வச்சிடுவாங்க. மனுஷன் ஏற்கெனவே சரியா சாப்பிடறதில்ல."

"கிளப்பு இறங்கிடுச்சுன்னா?"

"உனக்குக் கிளப்பு பெரிசா, நான் பெரிசா?"

சரி, வேண்டாம் என்றே சொல்லிவிடலாம் என்று சலவையக்கா முடிவு பண்ணினாள்.

மறுநாள் பயிற்சி முடிந்து மாப்பிள்ளை வந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் முன்னால் உட்கார்ந்து பேசாதவர். அன்றைக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் பதறிப்போனாள்.

"என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?"

"அத்தை, அவனைக் கூப்பிட்டுடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"கோலுக்கு முன்னாடி நின்னா காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. சனிக்கிழமை ஆட்டம்னா வெள்ளிக்கிழமையே தூக்கம் போயிடுது. அவன் முன்னாடி ஆடட்டும், நான் என் பழைய இடத்துக்கே போயிடறேன். உங்க பொண்ணுகிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவருக்காக வேண்டாம் என்று மகள் சொல்கிறாள், அவரே வேண்டும் என்கிறார். மகளிடம் சொல்லவும் முடியாது. சலவையக்காவுக்குத் தலை சுற்றியது. அன்று வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புக் காலுறையைப் போட்டு மாற்று ஜெர்சி முழுவதையும் ரோஸ் நிறமாக்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காரியம் அவள் செய்ததில்லை.

சரி, சம்பந்தப்பட்டவனையே கேட்டுவிடுவோம் என்று வாத்துக்குப் போன் போட்டாள். அவன் திரும்பி வரத் துடிக்கிறான் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

"அதெல்லாம் அவங்களா எழுதறதுக்கா. நான் இங்கயே இருந்துடறேன்."

"ஏம்ப்பா? இது உன் வீடு மாதிரி இல்லையா?"

"இங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்கக்கா" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. மாடிப்படியின் கீழே நின்று "டேய் வாத்து, சாப்பிட வா" என்று அவளே எத்தனை தரம் கூப்பிட்டிருப்பாள்! அவன் சிரித்துக்கொண்டேதானே இறங்கி வருவான்?

"நான் கூப்பிட்டதும் உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"நீங்க கூப்பிட்டா ஒண்ணும் இல்லக்கா" என்றான். அவன் சொன்ன விதத்தில் அவளுக்குச் சந்தேகம்தான் கூடியது. போனை வைக்கும்போது மறுபடியும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். வர விருப்பமில்லாதவனை எதற்கு இழுத்து வருவது?

கூட்டத்துக்கு அந்த உறுதியோடுதான் போனாள். பயிற்சியாளர் அரைமணி நேரம் பேசினார். அவர் வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்பது கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு செயலாளர் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். சட்டம் படித்தவர்; சாதாரணமாக ஒரு வாக்கியம் சொன்னால் அவருக்குத் தூக்கம் வராது.

"கடனில் அனுப்பப்பட்ட ஆட்டக்காரரைத் திரும்ப அழைக்கத் தேவையில்லை என்ற கருத்தை ஏற்காதவர்கள் கையை உயர்த்தலாம்."

'தேவையில்லை' என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. கையைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். தலைவரின் கை மேலே இருந்தது. கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற பொருளாளர் கையைக் கட்டிக்கொண்டு அவளை முறைத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

"அக்கா, உறுதிதானே?" என்று செயலாளர் கேட்டார்.

இறக்கியிருக்கலாம். தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மறுபடி வாக்கெடுத்திருப்பார்கள். கை வலித்தது. அவள் இறக்கவில்லை.

வெளியே வந்தபோது, "சொந்த மாப்பிள்ளைன்னு கூடப் பார்க்கல, எவ்வளவு நெஞ்சுரம்!" என்று தலைவர் கும்பிட்டார். மகள் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் வாத்து வந்து சேர்ந்தான். மாடியறையைத் துடைத்து விரிப்பு மாற்றி வைத்திருந்தாள். அவன் கோல்கீப்பரோடு தங்கிக்கொண்டான். அழுக்கு ஜெர்சியைக் கூடையில் போட வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதல் ஆட்டத்தில் அவன் இறங்கியதும் ஜனம் எழுந்து நின்று 'குவாக் குவாக்' என்று கத்தியது. இந்தத் தடவை பிரியமாகக் கத்துகிறார்களா, பழைய கேலியா என்று கீழே நின்ற அவளுக்கு விளங்கவில்லை.

அவன் கோல்கள் போட்டான். எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆனால் நடுக்களத்துக்குத் திரும்பிய மாப்பிள்ளை தண்ணீரில் விட்ட மீன் மாதிரி ஆடினார். கடைசி ஆட்டத்தைச் சமன் செய்து கிளப் மயிரிழையில் தப்பியது. வாத்தைப் பறிகொடுத்த அந்த ஊர்க் கிளப் மேல்பிரிவுக்குப் போகும் வாய்ப்பை நழுவவிட்டது. மகள் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். அந்த விஷயத்தை மட்டும் அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

சீசன் முடிந்ததும் வாத்தை மூன்றாவதாக ஒரு கிளப் எடுத்துக்கொண்டது. கடன் இல்லை, ஒரேயடியாக. கிளம்புகிற அன்று பையோடு சலவை அறைக்கு வந்தான். அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது அவள் வாய்க்கே புதிதாக இருந்தது.

"கோபமாப்பா?"

"முதல்ல இருந்துச்சு. இப்ப இருக்கா இல்லையான்னு தெரியலக்கா."

அவள் அவனிடம் உள்ளதைச் சொன்னாள். தீர்மானம் புரியாமல் கை தூக்கிய கதையைக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் கேட்டான்: "சரி, தப்பா தூக்கிட்டீங்க. அப்புறம் ஏன் இறக்கல?"

மாப்பிள்ளைக்காகவா? எல்லோருடைய வேலைக்காகவா? மாடியறைக்கு மறுபடி விளக்கு வரும் என்றா? ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் பட்டது. எதுவும் முழுசாகப் படவில்லை.

"தெரியலப்பா. சத்தியமா தெரியல."

"எனக்கும்தான். கூப்பிட்டப்ப வரமாட்டேன்னு அடம்பிடிச்சிருக்கலாம். பேசாம பையைக் கட்டிட்டேன்."

சலவை இயந்திரம் நின்றது. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஈரத்துணிகளை அள்ளிக் கூடையில் போட்டுக் கொடுத்தான். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். "இருய்யா, வர்றேன்" என்று அவன் உள்ளிருந்தே கத்தினான். இன்னும் பாதித் துணி இயந்திரத்துக்குள் இருந்தது.