ஆளில்லாத இடத்தில் எறிந்த பந்து: மாவ்பியிலிருந்து க்யிம்யிண்டைங் வரை

போன வியாழக்கிழமை மாவ்பியிலிருந்து யாங்கோனுக்கு (எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்) போய் வந்தேன். முப்பது மைலுக்குள் உள்ள தூரத்தைப் பயணம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நகரத்தின் க்யிம்யிண்டைங் பகுதியில் அமெரிக்கக் கால்பந்து வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. அங்கே நேர்முகத் தேர்வுக்கு எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இது இரண்டாவது முறை. கோடையில் போனபோது பெயரும் படிப்பும் கேட்டார்கள். பெயர் சொன்னேன், அதற்குமேல் பேச்சு வரவில்லை. மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். இது கிடைக்காவிட்டால், ஷ்வேப்யிதாவில் அக்கா தைக்கும் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கும் ஓர் இடம் சொல்லிவைத்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அவளுடைய சூப்பர்வைசருக்குப் பதில் தர வேண்டும்.

இந்த முறை கொடுத்த வேலை இது: இரண்டு குவார்ட்டர்பேக்குகளின் ஆட்டங்களைப் பார்த்து, யார் மேல் என்று அறிக்கை எழுதி, நேரில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, மைதானத்தை ஒரு கண் பார்த்து, ஓடுகிற தன் ஆளுக்கு எறிபவர். எதிரணியின் மலைபோன்ற ஆட்கள் அதற்குள் அவரைச் சாய்க்க வருவார்கள். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சி. ஒருவர் சட்டை எண் ஏழு, மற்றவர் பதினான்கு. கரண்ட் வந்த நேரமெல்லாம் பார்த்தேன். தரையில் விழுந்த பந்துகளை எண்ணினேன். ஏழுக்கு முப்பத்தொன்று, பதினான்குக்குப் பதினாறு. பதினான்கே மேல் என்று எட்டுப் பக்கம் எழுதி மூன்று பிரதி எடுத்துவைத்தேன்.

காலை 5.40க்கு மாவ்பி சந்தை முன்னால் இன்செய்ன் போகும் லைன்கார் கிடைத்தது. பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டிதான். கட்டணம் 2,000 கியாட். அக்காவும் வேலைக்கு அதே வண்டி. 6.15க்கு மழை பிடித்து, தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி நின்றுவிட்டது. நான் இறங்கிப் போய், எவ்வளவு நேரமாகும் என்று டிரைவரிடம் இரண்டாவது முறையாகக் கேட்டேன்.

“ஞீமா, மழைய நானா வரச்சொன்னேன்?” என்றார். ஞீமா என்றால் தங்கச்சி. வண்டியே சிரித்தது. நான் திரும்ப ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். திரையில் ஏழாம் எண், எல்லைக் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்கள் இருந்த மேசைமேல் பந்தை எறிந்துகொண்டிருந்தார்.

“ஏண்டி, இவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஆளே இல்லாத இடத்துல எறியுறான்.”

“அதான் அவனுக்கு மார்க் கம்மி.”

“அவனுக்குச் சம்பளம் எவ்வளவு?”

“நம்ம தெருவையே வாங்கலாம்.”

“அப்ப சும்மா எறியமாட்டான். நீ சரியாப் பாத்தியா?”

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்து, வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். பந்து போன திசையைத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்திருந்தேன். எறிந்தவருக்குப் பின்னால் பார்க்கவே இல்லை.

6.50க்கு ஷ்வேப்யிதா முனையில் அக்கா இறங்கினாள். “பேசிடு. இல்லேன்னா திங்கக்கிழமை காலர் தைக்க வா. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு” என்றாள். அவள் கேலி செய்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்செய்னில் 7.30க்கு இறங்கி, மொஹிங்கா சாப்பிட்டேன் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், 2,000 கியாட், பாதி வைத்துவிட்டேன்). நகரைச் சுற்றி வரும் வட்ட ரயில் 8.10க்கு வந்தது. சீட்டு விலை மிகக் குறைவு, ஆனால் நேரத்தை நம்ப வேண்டாம். க்யிம்யிண்டைங் வரை நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் ஏழாம் எண்ணின் பந்துகளைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் அவர் இடுப்பைப் பிடிக்கக் கை நீட்டும்போது, அவர் ஒதுங்கி ஓடி, பந்தை வேண்டுமென்றே வெளியே எறிகிறார். ஒரு முயற்சி போகும், அவ்வளவுதான். பதினான்காம் எண் பந்தை விடாமல் கட்டிக்கொண்டு விழுகிறார். முயற்சியும் போய், எட்டு கெஜம் தூரமும் போகிறது. என் அறிக்கையில் அதற்கு ஒரு கழித்தல்கூட இல்லை, ஏனென்றால் பந்து தரையில் விழவில்லை!

எங்கள் தெரு முனையில் தினமும் சின்லோன் ஆடுவார்கள். பிரம்புப் பந்தை வட்டமாக நின்று காலால் தட்டி, தரையில் விழாமல் காப்பதுதான் ஆட்டம். எதிரணி கிடையாது. அப்பா ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பந்து விழுந்தால் ‘ச்சூ’ என்று எல்லோரும் சொல்வோம். அந்த ‘ச்சூ’வைத்தான் முப்பத்தொரு முறை எண்ணி எட்டுப் பக்கமாக எழுதியிருந்தேன்.

எழுதியதை அப்படியே ஒப்பித்தால் பேச்சாவது தடுமாறாது. அவர்கள் அறிக்கையைக் கவனமாகப் படிக்காமலும் இருக்கலாம். இதை நடுவிலுள்ள ஹ்லெடான் ஸ்டேஷனிலிருந்து க்யிம்யிண்டைங் வரை நினைத்துக்கொண்டே வந்தேன், பார்த்த பந்துகளைப் பென்சிலால் அறிக்கையின் ஓரத்தில் எண்ணிக்கொண்டும் வந்தேன். பத்தொன்பது பந்துகள் முடிந்தபோது ஸ்டேஷன் வந்துவிட்டது. அங்கிருந்து சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள், 1,500 கியாட். படகுத்துறைப் பக்கம் மீன் கூடைகளுக்கு நடுவில் ஒரு கட்டடம், இரண்டாம் மாடி. 9.05க்குப் போய்ச் சேர்ந்தேன். தேர்வு ஒன்பதுக்கு.

மா ஸின் என்பவர்தான் தலைமை. கூட ஒருவர் லபேயே குடித்துக்கொண்டிருந்தார். (எங்கள் ஊர்ப் பால் டீ.) நான் மூன்று பிரதியையும் மேசையில் வைத்தேன், உடனே கையையும் அவற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

“இதுல முதல் பக்கம் தப்பு,” என்றேன் பர்மியில். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“தப்புன்னு தெரிஞ்சும் மூணு பிரதியா?” என்றார் மா ஸின்.

“சின்லோன் பார்க்கிற மாதிரி பார்த்துட்டேன்.”

டீ குடித்தவருக்குப் புரையேறியது. மா ஸின் சிரிக்கவில்லை. “எந்தப் பந்து? காட்டு.”

காட்டினேன். போனில் பதினொரு சதவீதம் சார்ஜ். ஏழாம் எண்ணின் இடுப்புக்குப் பின்னால் நீண்ட கையைத் திரையில் தொட்டுக் காட்டும்போது, நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதையே கொஞ்சம் மறந்துவிட்டேன்.

“அப்ப யார் மேல்?”

“ஏழு. ஆனா எவ்வளவு மேல்னு சொல்ல முடியாது. இன்னும் பன்னிரண்டு பந்து பார்க்கல.”

மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். “பாரு. ஒரு மணிக்குக் கரண்ட் போயிடும்.”

பார்த்தேன். அந்தப் பன்னிரண்டில் ஒன்பது, ஏழாம் எண்ணின் நிஜமான பிழைகள். நீள எறிகளில் பதினான்கின் கைதான் சுத்தம். ஏழு மேல், ஆனால் நான் ரயிலில் நினைத்த அளவுக்கு இல்லை. அதையும் சொன்னேன். பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். மின்விசிறி நின்றபின் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நகம் இருந்தவரை கடித்தேன். நாலு மணிக்கு மா ஸின் தலையை மட்டும் நீட்டி, “திங்கள், ஒன்பது மணி. அஞ்சு நிமிஷம் லேட்டா வராதே. மூணு மாசம் பார்ப்போம்” என்றார்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் மாவ்பியிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்புங்கள். எனக்குப் போய்வர, சாப்பாடு சேர்த்து, பதினோராயிரம் கியாட்டுக்குள் ஆனது. போனுக்கு பவர்பேங்க் கொண்டுபோங்கள். அறிக்கையை ஒரு பிரதி மட்டும் எடுங்கள், பென்சில் மறக்காதீர்கள். தரையில் விழுந்த பந்தை உடனே குறிக்காமல், எறிந்தவரின் முதுகுப் பக்கம் ஒருமுறை பாருங்கள். மூன்று மாதத்தில் என்னை வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, அதனால் என் பேச்சை முழுதாக நம்பவும் வேண்டாம்.

திரும்பும்போது லைன்காரில் பின்வாசல் ஓரமாக உட்காருங்கள். சாரல் அடிக்கும், பரவாயில்லை. ஷ்வேப்யிதா முனையில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். அன்று நான் வந்தபோது என் போன் எப்போதோ அணைந்திருந்தது. ஓவர்டைம் இடைவேளையில் அக்கா குடையோடு வந்து, வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சூப்பர்வைசர்கிட்ட என்னடி சொல்ல?”

“வேண்டாம்னு சொல்லிடு.”

டிரைவர் ஹாரன் அடித்தார். “அந்த அக்கா ஏறுறாங்களா, இல்லையா?”

“ஏறல,” என்றேன். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.