நாலு புள்ளி ஏழும் மேற்கு மாம்பலத்துக் கொசுவும்

போன சனிக்கிழமை மதியம் நான் ஒரு விஞ்ஞானியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்தப் பதவி பறிபோய்விட்டது.

நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மேற்கு மாம்பலத்தில் மாடியில் ஓர் ஒற்றை அறை. அதில் நான், ஒரு பாய், ஒரு டேபிள் ஃபேன். அப்புறம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாகங்களை வைத்து நானே பூட்டிய, பெரிய பிராசஸர் போட்ட ஒரு கம்ப்யூட்டர். இந்தப் பத்தியை அதில்தான் அடிக்கிறேன். பத்தி அடிக்க அவ்வளவு பெரிய பிராசஸர் எதற்கு? நல்ல கேள்வி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹோட்டலில் மேஜை துடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், நாலைந்து ஊர் அச்சகங்களில் பேப்பர் மடித்தேன். எதுவும் ஒரு வருஷத்தைத் தாண்டியதில்லை. கையில் அகப்பட்டதைக் கழற்றிப் பார்க்கிற புத்தி மட்டும் எல்லா ஊருக்கும் கூடவே வந்தது.

சனிக்கிழமை மதியம் தாஸ் வந்தான். பட்டினப்பாக்கம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரன், என் பழைய சிநேகிதன். இரண்டு வருஷம் முன்னால் வலை இழுக்கும்போது தோள்பட்டை பிய்ந்துவிட்டது. இனிமேல் கடல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதன் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டான். "வலை இழுத்த கையில கேமராவாடா?" என்று குப்பமே கிண்டல் செய்தது.

இப்போதுதான் முதல் கல்யாண ஆர்டர். அதே குப்பத்துப் பெண். நிச்சயதார்த்தம், கடற்கரை, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடப் படம். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ரிசப்ஷனில் பெரிய திரையில் ஓட வேண்டும். ஓடினால் தாஸ் வீடியோகிராபர். ஓடாவிட்டால், குப்பம் மொத்தமும் பார்த்திருக்க, அவன் பழையபடி வேலை இல்லாத மீன்பிடிக்காரன்.

எடிட்டிங் முடிந்துவிட்டது. படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுக்கும் ரெண்டரிங் மட்டும்தான் பாக்கி.

"நைனா, என் லேப்டாப்புக்கு மூச்சு முட்டுது. உன் பொட்டில எத்தினி அவரு ஆவும்?"

"ஒன்பது மணி நேரம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "உனக்காக ஆறுல முடிச்சுத் தரேன், பாரு!"

யார் கேட்டார்கள் ஆறு? கையில் முழுசாக முப்பது மணி நேரம் இருந்தது...

ஓவர்கிளாக்கிங் என்று ஒரு சமாச்சாரம். பிராசஸர் என்கிற மூளைச் சில்லுக்கு கம்பெனி ஒரு வேகம் வைத்து அனுப்புகிறது. பயாஸ் என்கிற அமைப்புப் பக்கத்துக்குள் போய் அந்த எண்ணை நாம் உயர்த்தலாம். தடுமாறினால் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டலாம். வோல்டேஜ் கூடினால் சூடு கூடும். சூடு எல்லை தாண்டினால் மெஷின் படுத்துவிடும். இவ்வளவுதான் தத்துவம்.

கம்பெனி வேகத்திலிருந்து முதலில் நாலு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன்; சமர்த்தாக ஓடியது. நமக்குப் போதுமா? நாலு புள்ளி ஏழு வைத்தேன்.

வேகம் கூட்டினால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வைக்க வேண்டும். கடுமையான கணக்குகளைக் கொடுத்து பிராசஸரைப் பிழிகிற ஒரு சாஃப்ட்வேர். பல மணி நேரம் ஓடவிட வேண்டும் என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். நான் ஜன்னலை விரியத் திறந்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக அதன் முகத்தில் வைத்து, பத்து நிமிடம் ஓட்டினேன். விழவில்லை.

"ஸ்டேபிள்!" என்று அறிவித்தேன். தாஸ் நம்பிப் போனான். மூன்று மணிக்கு ரெண்டரிங்கைத் தட்டிவிட்டேன்.

மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அடுத்தது சொல்லாமலே புரியும். ஐந்தரை மணி ஆனால் எங்கள் தெருவில் எல்லா ஜன்னலும் படபடவென்று சாத்தப்படும். கொசு! என் கையும் தானாகப் போய்ச் சாத்தியது. கொசுவர்த்தி ஏற்றினேன். புகை உள்ளே போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் பக்கத் தகட்டை மாட்டினேன். வியர்த்தது... ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டிபன் சாப்பிட்டு வந்து பார்த்தால், அறுபத்து நாலு சதவீதத்தில் மெஷின் விழுந்து தானாக மறுபடி எழுந்திருந்தது. பாஸ்வேர்டு கேட்டது, ஒன்றுமே தெரியாதது மாதிரி.

தடுமாறினால் வோல்டேஜ் கூட்டு. படித்திருக்கிறேன் அல்லவா? கூட்டினேன். வெக்கையில் மயங்கி விழுந்தவனுக்குக் கம்பளி போர்த்துகிற வைத்தியம். முதலிலிருந்து ரெண்டரிங் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறக்காமலே படுத்தேன்.

காலையில் கண் விழித்தால் மறுபடி பாஸ்வேர்டு.

ஒன்பது மணிக்கு தாஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு அடி பின்வாங்கினான்.

"இன்னா நைனா, ரூமு இட்லிப் பானையாட்டம் கீது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் டெஸ்ட் செய்தது ஜன்னல் திறந்த ஓர் அறையில். வேலை வாங்கியது ஜன்னல் சாத்திய வேறோர் அறையில்.

விஷயத்தைச் சொன்னேன். தாஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கம்பெனி ஸ்பீடுல எத்தினி அவரு சொன்ன?"

"ஒன்பது."

"நேத்து மூணு மணிக்கு அப்டியே உட்டிருந்தா?"

"ராத்திரி பன்னெண்டுக்கு முடிஞ்சிருக்கும்."

எட்டாவது ஃபெயிலுக்கும் வருகிற கணக்குதான்.

எல்லா எண்ணையும் பழையபடி மாற்றினேன். ஜன்னல் திறப்பு, தகடு கழற்றல், ஃபேன் பெட்டிக்கு. ஒன்பதும் ஒன்பதும் மாலை ஆறு. நடுவில் ஒரு நொடி கரண்ட் போனாலும் தொலைந்தோம்.

தாஸின் மனைவி ஸ்டெல்லா மணிக்கொரு தரம் போன் செய்தாள். "ஆயிகினே கீது ஸ்டெல்லா, சூப்பரா ஆயிகினு கீது" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது சதவீதத்தில் எனக்குக் கை பரபரத்தது. நாலு புள்ளி இரண்டு நன்றாகத்தானே ஓடியது?

"நீ கீய போயி டீ சொல்லு நைனா" என்றான் தாஸ். "வரச்சொல்லோ மெதுவா வா."

டீக்கடையில் நின்று யோசித்தேன். ஒரு வேலையிலும் ஒரு வருஷம் தங்காதவன், ஒரு சில்லுக்கு நிலைத்து நிற்கச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறேன்! பத்து நிமிடம் நன்றாக நடந்துகொள்வது யாருக்கும் வரும். என்னை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லோருமே முதல் வாரம் என்னைப் பார்த்து அசந்து போனவர்கள்தான்.

ஆறு பத்துக்கு நூறு சதவீதம். பென் டிரைவ், ஆட்டோ, மந்தைவெளி மண்டபம். ஏழு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் திரையில் கடல் வந்தது. விடியற்கால வெளிச்சத்தில் பெண்ணின் அப்பா படகைத் தள்ளுகிறார். பின்வரிசையில் ஒருவர், கிண்டல் கோஷ்டியின் தலைவராம், எழுந்து நின்றுவிட்டார்.

"டேய் தாஸு... நம்ம கடலாடா இது? சோக்கா கீதுடா!"

படம் முடிந்ததும் அவரே வந்து தாஸின் நல்ல தோளில் கை போட்டார். "அடுத்த மாசம் என் தங்கச்சி நிச்சயம். நீதான் எடுக்கற." பிறகு என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரு வேலைலாம் இவரா?"

நான் அடக்கமாகத் தலை குனிய ஆயத்தமானேன்.

"கம்ப்யூட்டரு வேலைய கம்ப்யூட்டரே செஞ்சிச்சுண்ணா" என்றான் தாஸ். "இவரு நேத்து பூரா அத்த செய்ய உடாம பாத்துக்கினாரு."