அன்று மெக்சிகோவுடன் பேசியது குப்புராஜ் அல்ல

ஞாயிற்றுக்கிழமை காலை, ஐயப்பன்தாங்கல் வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஸ்டோர்ஸ் சேகரிடமிருந்து போன் வந்தது. "சார், நம்ம குப்புராஜ் பூட்டாரு சார். பருத்திப்பட்டு ஏரிக்கரைல வாக்கிங் போய்கினு இருந்தாராம். நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தவருதான், எழுந்திரிக்கல." எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்தேன். வைத்ததும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது, இனி அந்தப் பேச்சு வராது என்று. அந்த நொடியை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியாது.

"கேன்டீன் பலகையில ஒட்டணும், நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டீர்கள். நாலு வரியில் முடியவில்லை.

நம் அம்பத்தூர் தொழிற்சாலையில் தின்பண்டப் பைகளை ஒட்டி மூடும் இயந்திரங்களைப் பொருத்துவதில் குப்புராஜுக்கு மிஞ்சிய ஃபிட்டர் இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மெக்சிகோவுக்கு முதல் இயந்திரம் போனபோது, அங்கே நிறுவப் போவதற்கு என்னையும் அவரையும் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் ஸ்பானிஷ் கற்க வேண்டும் என்றார்கள். முழு மொழியும் வேண்டாம், இயந்திரத்தை இயக்குபவர்களுக்கு உத்தரவு கொடுக்கத் தெரிந்தால் போதும். நிறுத்துங்கள், அழுத்துங்கள், தொடாதீர்கள், இப்படி ஐம்பது அறுபது சொற்கள். பூந்தமல்லியிலிருந்து ஒரு ஆசிரியை மாலை நான்கு மணிக்கு வீடியோவில் வகுப்பெடுத்தார்.

இரண்டாவது வகுப்பிலேயே குப்புராஜ் ஒன்றைக் கண்டுபிடித்தார். நண்பரை 'வா' என்றழைக்க ஸ்பானிஷில் 'வென்'. மரியாதையாக 'வாங்க' என்று சொல்ல 'வெங்கா'. 'வை' என்பதற்கு 'போன்', 'வையுங்க' என்பதற்கு 'போங்கா'. அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மேடம், இது நம்ம பாஷதான் மேடம்! கடைசில 'ங்க' போட்டா மரியாத வந்துடுது பாருங்கோ!" தொழிற்சாலையில் யாரிடமும் மரியாதை வடிவத்தில்தான் பேச வேண்டும் என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே நான் குப்புராஜைப் பார்த்து 'வெங்கா' என்பேன், அவர் எழுந்து வருவார். அவர் என்னைப் பார்த்து 'எஸ்பேரே' என்பார், நான் காத்து நிற்பேன். எல்லா வினைச்சொல்லும் இப்படி ஒத்துவராது என்று பிறகு தெரிந்தது. அதனால் அவருக்கு உற்சாகம் குறையவில்லை. என்னைவிட வேகமாகக் கற்றார்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "குப்பு, அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வா" என்றேன். அவர் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, "இன்னா சார், ஸ்பானிஷ்ல வாங்க போங்கன்றீங்கோ, க்ளாஸ் முடிஞ்சா வா போன்னு ஆயிடுது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அது சிலபஸ்ல இருக்கு குப்பு, இது இல்லையே" என்றேன் நான். இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஈரோட்டுப் பக்கம். சின்னப் பிள்ளைகளைக்கூட 'வாங்க சாமி' என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவன். அப்படியும் அவரை ஒருமையில்தான் அழைத்தேன், அவர் கையில் கிரீஸ் இருந்ததால். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இயந்திரம் அங்கே போய் இறங்கியதும் ஒரு மாலை ஏழரை மணிக்கு, அவர்களுக்கு அது காலை, வீடியோவில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தினோம். அந்த அறையில் நானும் குப்புராஜும் மட்டும் இருந்தோம். நான் மைக்கின் முன்னால், அவர் பக்கத்தில். எதிர்முனையில் லூசியா என்ற பெண். பையை ஒட்டும் இரும்புப் பட்டையில் பிளாஸ்டிக் சிக்கிக்கொண்டது. லூசியா அதைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. 'தொடாதீர்கள்' என்று சொல்ல நினைத்தேன். அதற்கு 'நோ தோக்கே' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நோ' என்றேன். அடுத்த சொல் மறந்துவிட்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'தோக்கே' என்றேன். அவர் கேட்டிருந்தது "சூடாக இருக்கிறதா?" என்று. என் பதில் அவர் காதில் விழுந்தது இப்படி: "இல்லை. தொடுங்கள்."

தொட்டார். அலறினார். குப்புராஜ் என்னைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்து, "சுவெல்தே! சுவெல்தே!" என்று கத்தினார். விடுங்க, விடுங்க. பிறகு "போங்கா! மானோ! ஆகுவா!" என்றார். வையுங்க, கை, தண்ணீர். அங்கிருந்த ஒருவர் லூசியாவை இழுத்துப் போய்க் குழாயடியில் கையைக் காட்டவைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் யார் அந்த உத்தரவைக் கொடுத்தது என்று மேனேஜர் கேட்டார். நான் சொன்ன பதில் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "மொழி சரியா வராதவங்களை மைக் பக்கம் விட்டிருக்கக் கூடாது சார்." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

பயணப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு விமானம் ஏறாதவர், புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தவர். கிளம்பும் முன் என்னிடம் வந்து, "போய்ட்டு வாங்க சார். அந்தம்மா கையி எப்டி கீதுன்னு மட்டும் பாத்துகினு வந்து சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

லூசியாவின் விரல்கள் ஆறியிருந்தன. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, கத்திச் சொன்ன அந்த இன்னொருவர் எங்கே என்பதுதான். அவருக்கென்று ஒரு பொட்டலம் புளி மிட்டாய் கொடுத்தனுப்பினார். நான் அதைக் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் பிரித்துப் பங்கு வைத்தேன். நீங்களும் தின்றீர்கள். குப்புராஜ் ஒன்றை வாயில் போட்டு, "இன்னா சார், அவ்ளோ தூரம் போய் புளிய வாங்கிகினு வந்துகீறீங்கோ" என்றார். அது அவருக்கென்றே வந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். "கை ஆறிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். "அப்பாடா" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் சேக்காட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, "ஒங்களோட சேந்துதான சார் அந்த பாஷ படிச்சாரு? தப்பா ஒரு வார்த்த சொல்லி யாருக்கோ கை வெந்துடுச்சாமே. ஆபீஸ்ல பேசிகினாங்க. நான் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். வீட்டிலும் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், மிட்டாய் உட்பட. அவர் அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத அவரு உசுரோட இருந்தப்பவே வந்து சொல்லிருக்கலாம் இல்ல சார்?" என்றார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கூட்டத்தின் அறிக்கையைத் திருத்தக் கேட்டு மேனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். குப்புராஜோடு வேலை செய்த நீங்கள் இதை வாசித்துவிட்டு என்னோடு பேசாமல் இருக்கலாம். அதற்கு நான் தயார்.

அவர் நினைவாக ஒவ்வொருவரும் எதையாவது வைத்திருப்பீர்கள். சேகர் அவருடைய டூல் பாக்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் எடுத்துக்கொள்வது அந்தத் தவறை. என்னுடையதை இரண்டு வருடம் அவர் சுமந்தார். இனி அது என்னிடம் இருக்கும்.