மஞ்சள் ஏறிய பலகை

என் அம்மா சூடாமணிக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது அவளுக்கு இருக்கிற ஒரே உத்தியோகம், வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிற எதன் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது. அதற்கென்றே ஒரு சொம்பு வாசலில் இருக்கும். பால் பாக்கெட், வாழைப்பழச் சீப்பு, கூரியர் பெட்டி, என் செருப்பு எதுவும் தப்பாது. ஒரு தடவை பாஸ்போர்ட் வந்த உறையை நனைத்துவிட்டாள். நான் கத்தியதற்கு, "எத்தனை பேர் கை பட்டு வந்துதோ, யார் கண்டா?" என்றாள். பாஸ்போர்ட்டை ஃபேனுக்குக் கீழே காயவைத்தவன் நான்தான்.

நான் சினிமாவில் கேமரா ஆபரேட்டர். நடிகர் ஓடி வந்தால் அவருக்கு முன்னால் நானும் குலுங்காமல் நகர வேண்டும். அதற்காகவே ஒற்றைச் சக்கர எலெக்ட்ரிக் போர்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நடுவில் சக்கரம், முன்னும் பின்னும் கால் வைக்க இரண்டு மரப்பலகைகள். முன்பலகையில் ஒட்டியிருக்கிற சொரசொரப்புத் தாளுக்கு அடியில் சென்சார் இருக்கிறது. கால் இருந்தால் வண்டி ஓடும், எடுத்தால் நிற்கும். பலகைக்குள் தண்ணீர் மட்டும் போகக் கூடாது. வாங்கிய அன்றே அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், "இதுல மட்டும் தெளிக்காதேம்மா, ஜலம் பட்டா கெட்டுடும்." அவளும் சரி என்று தலையாட்டினாள்.

ஆனாலும் பலகை ஊறியது. விளிம்பில் மரம் உப்பி, தாள் கிளம்பிக்கொண்டது. மயிலாப்பூரில் மர பாலிஷ் வேலை செய்கிற வலியுல்லாவிடம் கொண்டுபோனேன். தாளை உரித்து, மரத்தை நிழலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்பெல்லாம் மூன்று கோட்டிங் சீலர் அடித்து, ஒயர் நுழைகிற ஓட்டையைச் சிலிக்கான் வைத்து அடைத்துக் கொடுத்தார். ஜூனில் ஒரு தரம், ஆகஸ்டில் ஒரு தரம். மரத்தில் தெரிந்த மங்கலான மஞ்சளைப் பழைய பாலிஷ் என்று நினைத்துத் தேய்த்துவிட்டிருந்தார். இரண்டு தரமும் இரண்டே வாரம்தான் தாங்கியது.

போன திங்கட்கிழமை எங்கள் தெருமுனையில் இறங்குவதற்காகக் காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் பலகையில், கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிட்டது. முழங்கால் சிராய்ப்பு, இடது மணிக்கட்டு சுளுக்கு. கேமரா கையில் இல்லாதது என் நல்ல நேரம். வெள்ளிக்கிழமை கோடம்பாக்கத்தில் ஒரு துரத்தல் காட்சி ஷூட்டிங். போர்டு இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக எனக்கு வேறு படமும் இல்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு, அடங்காத கோபத்தில் வலியுல்லாவிடம் போனேன். "என்ன சீலர் அடிச்சீங்க? மழைத்தண்ணி புகுந்து நான் விழுந்து வாரினதுதான் மிச்சம்!" என்று கடை வாசலிலேயே நின்று கத்தினேன். அவர் முன்பலகையைக் கழற்றித் தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தார். மரத்தைப் பார்த்தார், மோந்து பார்த்தார், என் மூக்குக்கு நேரே நீட்டினார். பலகை முழுக்க மஞ்சள்.

"இன்னா சார் இது? பலகைய சாம்பார்ல ஊற வச்சிக்கினு வந்து என்னாண்ட சவுண்டு வுட்றியா?"

நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன், விரலிலும் மஞ்சள் ஒட்டியது.

"மழத்தண்ணி இப்டி மஞ்சளா இருக்குமா? டெய்லி சொம்பு சொம்பா ஊத்திக்கீறாங்க சார். எந்த சீலர் தாங்கும்? வியாயக்கெயம ரெடி பண்ணித் தர்றேன். ஆனா வூட்ல பேசி முடிச்சிட்டு வா. இல்லாங்காட்டி மறுபடி என் கடப் பக்கம் வராத."

அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா வாசலில் நின்று கீரைக்கட்டுக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"போர்டுமேல ஜலம் ஊத்தினியா?"

"தெருவுல எதெதுமேலயோ உருண்டுண்டு வரது. அப்படியே ஆத்துக்குள்ள விட முடியுமா?"

"தெளிக்காதேன்னு சொன்னேனா இல்லையா? இது தெளிச்சதாம்மா? பலகை முழுக்க ஊறியிருக்கு!"

சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஆமாண்டா, வேணும்னுதான் ஊத்தினேன். ஜலம் பட்டா கெட்டுடும்னு நீதானே சொன்னே? கெட்டு ஒழியட்டும்னுதான் நீ தூங்கினதும் தினம் ஊத்தினேன். அதுமேல ஏறி நின்னுண்டு நீ கிளம்பினா போதும், எனக்கு நீ திரும்பி வர வரைக்கும் ஒரு வாய் காப்பி இறங்கறதில்லை. எனக்கு இருக்கறது நீ ஒருத்தன். ஓடாம நின்னுடுத்துன்னா விட்டுடுவேன்னு நினைச்சேன்."

பெற்ற தாய் இப்படியும் ஒரு காரியம் செய்வாளா! என்ன சொல்கிறேன் என்று யோசிக்காமல் கத்திவிட்டேன். "நின்னுடுமா? ஈரமானா அது நிக்காதும்மா! காலை எடுத்தாலும் கால் இருக்கறதா நினைச்சுண்டு ஓடிண்டே இருக்கும்!"

அம்மாவின் முகம் அப்படியே வெளுத்துப்போனது. அவள் பார்வை என் கட்டுப் போட்ட கைக்கு வந்து நின்றது.

"அப்போ, திங்கட்கிழமை நீ விழுந்தது?"

சொல்லியிருக்கவே கூடாது. அரை நிமிஷம் முன்னால் வரை இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "அது வேற விஷயம்மா," என்றேன். "முனையில ஒரு பள்ளம். பார்க்காம விட்டுட்டேன். அதுக்கும் ஜலத்துக்கும் சம்பந்தமே இல்லை."

அவள் கீரைக்கட்டைத் தரையில் வைத்தாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தன.

"முனை வரைக்கும் போன வாரம்தானேடா புதுசா தார் போட்டா," என்றாள்.